கடனில் நிற்கும் காம்பவுண்டு வீட்டைப் பாதிப் பணத்தோடு வாங்குவது எப்படி?

4 ஆகஸ்ட் 2024, காலை (கேள்வி)

மதுரை செல்லூர்ப் பக்கம் ஆறு போர்ஷன் உள்ள ஒரு காம்பவுண்டு வீடு விலைக்கு வருகிறது. நாலு சென்ட். உரிமையாளருக்கு 72 வயது, மகள் வீட்டில் இருக்கிறார். மகன் தொழிலுக்காக வீட்டை வைத்து வாங்கிய வங்கிக் கடன் நின்றுபோய், ஜூலை 12 தேதியிட்ட நோட்டீஸ் வந்திருக்கிறது. பாக்கி 21.40 லட்சம். இரண்டு போர்ஷன் ஒத்தி (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக வாங்கி, காலி செய்யும்போது திருப்பித் தரும் பணம்: 4 லட்சம், 3.5 லட்சம்), இரண்டில் 4,500 ரூபாய் வாடகைக்கு ஆள் இருக்கிறது, இரண்டு காலி. காலியாக இருப்பது மழை பெய்தால் ஒழுகும். 56 லட்சம் பேசியிருக்கிறோம். என் கையில் 27 லட்சம்தான். தரகர் ஒரு வழி சொல்கிறார்: இப்போது 10 லட்சம் கொடுத்து ஒப்பந்தமும் பவரும் (அவர் சார்பில் நான் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொள்வது, வங்கித் தவணையை அவர் பெயரிலேயே நான் கட்டுவது, வாடகையை நான் வாங்கிக்கொள்வது, ஐந்து வருடம் கழித்துக் கிரயம், அதாவது விற்பனைப் பத்திரம். சரியாகத்தான் தெரிகிறது. அண்ணன்மார் யாராவது இப்படி வாங்கியிருக்கிறீர்களா?

4 ஆகஸ்ட், இரவு 10 மணி (பதில்)

தம்பி, அந்த 10 லட்சத்தைக் கையை விட்டு இறக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 2021-ல் ஆரப்பாளையம் பக்கம் எட்டு போர்ஷன் காம்பவுண்டு ஒன்றை ஏறக்குறைய இதே நிலையில் வாங்கினேன். வாங்கி முடித்தேன், ஆனால் முதல் அடியிலேயே தவறு செய்தேன். விவரமாக நாளை எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்று மட்டும்: வந்திருக்கும் நோட்டீஸில் "13(2)" என்று இருக்கிறதா பாருங்கள்.

5 ஆகஸ்ட்

இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் தரகர் சொன்ன வழி அந்த இடத்திலேயே அடைபட்டுவிட்டது.

2002-ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டத்தில் (கடன் நின்றால் வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ் என்றால், வங்கி இனி தவணை கேட்கவில்லை, மொத்தப் பாக்கியையும் 60 நாளில் கேட்கிறது என்று பொருள். உங்கள் கணக்கில் அது செப்டம்பர் 10. மாதத் தவணையாக நீங்கள் கட்டினால் வங்கி வாங்கிக்கொள்ளும். ஆனால் நோட்டீஸ் தன் பாட்டுக்கு ஓடும். 60 நாள் முடிந்ததும் 13(4)-ன் கீழ் சொத்தை எடுத்துக்கொண்டதாகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அப்புறம் ஏலம்.

அதே சட்டத்தில் 13(13) என்று ஒன்று இருக்கிறது. தரகர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கடன்காரர் அந்தச் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. புதிதாக ஒத்தி வைப்பதும் இதில் அடக்கம். காலி போர்ஷனில் ஆள் வைக்கலாம் என்று நினைத்திருந்தால், அதற்கும் இப்போதைக்குக் கடிதம் வேண்டும்.

பவர் பத்திரம் பற்றி: ஒப்பந்தமும் பவரும் சேர்ந்தால் கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 72 வயதுக்காரர் பெயரில் ஐந்து வருடம் சொத்தை விட்டுவைத்தால், இடையில் அவருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியிருக்கும்.

5 ஆகஸ்ட், இரவு

என் தவறு இதுதான். வங்கிக்குப் போக வேண்டிய முதல் 5 லட்சத்தை எனக்கு விற்ற பெரியவர் கையில் கொடுத்தேன். "நானே போய்க் கட்டிவிடுகிறேன், எனக்கும் கௌரவமாக இருக்கும்" என்றார். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் அல்ல. அடுத்த வாரமே அவர் மனைவிக்கு நெஞ்சு வலி, அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. எனக்குச் சொல்லக் கூசிக்கொண்டு இரண்டு மாதம் சொல்லவே இல்லை. ஒரு நாள் காம்பவுண்டுக்குள் போனால் குழாயடிச் சுவரில் வங்கியின் காகிதம் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் பசை இன்னும் ஈரம். ஒத்திக்கு இருந்த ஒரு அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "தம்பி, எங்க மூணு லட்சம் என்னாகும்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் என் தங்கையிடம் கடன் வாங்கிக் கட்டி மீட்டோம். அறிவிப்பு வந்திருந்தால் அதுவும் முடியாது. முன்பெல்லாம் ஏலம் முடியும் வரை பாக்கியைக் கட்டி மீட்கலாம். 2016-ல் 13(8)-ஐத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்று ஆக்கினார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயப்பட வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம்.

9 ஆகஸ்ட்

இனி வேலைக்கு வருகிறேன். எந்தப் பணம் முதலில் எங்கே போகிறது என்பதைச் சரியாக அமைத்துவிட்டால் இந்த வியாபாரம் நிற்கும்.

உங்களுக்கு விற்கும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போங்கள். கணக்கை மொத்தமாக முடிக்க எவ்வளவு, எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், உங்களுக்கு விற்கச் சம்மதமா, இந்த மூன்றும் ஒரே கடிதத்தில் வேண்டும். வட்டியில் தள்ளுபடி கேட்டுப் பாருங்கள். ஒரே தவணையில் தீர்ப்பதாகச் சொன்னால் சில கிளைகள் இறங்கி வரும். வாய்ச்சொல்லை நம்பி எதையும் செய்யாதீர்கள். எனக்கு ஒரு மேலாளர் சரி என்றார், அடுத்த மாதம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

கடிதம் வந்ததும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதில் 21.40 லட்சம் முன்பணம் என்றும், அது இன்ன கடன் கணக்குக்கு நேரடியாக ஆர்.டி.ஜி.எஸ். மூலம் போகிறது என்றும் எழுத வேண்டும். பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் (சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் சான்று) ஏறும், பின்னால் வருகிற எவருக்கும் தெரியும். அதற்கு மேல், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55(6)(b) உங்களுக்குத் துணை நிற்கிறது. கிரயம் ஆவதற்கு முன்பே நீங்கள் கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே பொறுப்பு உண்டு, அதாவது அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை.

பணம் போன பிறகு வங்கி ரசீது ஆவணம் பதிந்து கொடுக்க வேண்டும். வில்லங்கத்தில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள் (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியிடம் கொடுத்த பதிவு), அதை முடித்துவைப்பது இந்த ரசீதுதான். அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. மூலப் பத்திரத்தின் அசல் கைக்கு வந்த பிறகுதான் கிரயம்.

ஒத்தித் தொகை 7.5 லட்சத்தையும் வாடகைக்காரர்களின் அட்வான்ஸையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடன் உங்கள் தலைக்கு வரும், அவ்வளவுதான். மிச்சம் பெரியவருக்குத் தவணையில்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பெரியவர் பக்கத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன், அது போதாது.

பாதி விலை பாக்கி இருக்கும்போதே அவர் கிரயம் எழுதிக் கொடுக்கிறார். அவருக்கு என்ன பிடிமானம்? சட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55(4)(b)-ன்படி, பாக்கித் தொகைக்கும் அதன் வட்டிக்கும் விற்றவருக்கு அந்தச் சொத்தின் மேல் பொறுப்பு உண்டு. ஆனால் பத்திரத்தில் பாக்கி இருப்பதாக எழுதியிருக்க வேண்டும். என் பத்திர எழுத்தர் எல்லாருக்கும் போடும் அதே வாசகத்தைப் போட்டுக் கொண்டுவந்தார்: "கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டு". நான் கவனிக்கவே இல்லை. எனக்கு விற்ற பெரியவரின் மருமகன்தான் விரலை வைத்துக் காட்டினார். அந்த வரியில் கையெழுத்து விழுந்திருந்தால், மிச்சப் பணம் வர வேண்டும் என்பதற்கு அந்த மனிதரிடம் ஒரு காகிதம் இருந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

ஆகவே பத்திரத்தில் எவ்வளவு கொடுத்தாயிற்று, யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு பாக்கி, என்ன தவணை, எல்லாம் வரட்டும். அதே நாளில் பாக்கிக்கு நீங்கள் அவருக்கு ஒரு அடமானப் பத்திரமும் பதிந்து கொடுங்கள். தவணை தவறினால் நீதிமன்றம் மூலம் சொத்தை விற்று எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கட்டும். அவருக்குப் பிறகு தவணை யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதையும் அவரே சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட்

கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன். வங்கி 21.40, ஒத்தி 7.50, அட்வான்ஸ் 50 ஆயிரம், மிச்சம் 26.60 லட்சம் பெரியவருக்கு என்று அனுப்பியிருக்கிறீர்கள். கூட்டல் சரி. மூன்று செலவு விட்டுப்போயிருக்கிறது.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 9. வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) 56 லட்சத்துக்கு மேல் போகவில்லை என்றால் 5.04 லட்சம்.

விலை 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். உங்களுக்கு 56,000. வங்கிக்குப் போகும் தொகையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு முடியாது. அதனால் மொத்தத்துக்குமான பிடித்தத்தைப் பெரியவர் பங்கில் கழித்து முதலிலேயே கட்டிவிடுங்கள். அவருடைய பான் எண்ணை இப்போதே வாங்கிவையுங்கள், அது இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதம் ஆகிவிடும்.

ஆக 27-ல் வங்கிக்கு 21.40, பதிவுக்கு 5.04, வரிக்கு 0.56. கூட்டிப் பாருங்கள், சரியாக 27. கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. ஒழுகுகிற கூரை அப்படியே இருக்கும்.

18 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

வட்டிப் பேச்சு. பாக்கி 26.04 லட்சம். பெரியவரின் மகன் நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா வட்டி கேட்கிறார் என்றீர்கள். மாதம் 19,530 ரூபாய். நாலு போர்ஷனும் நிரம்பினாலே வாடகை 18,000தான். வாடகை மொத்தமும் வட்டிக்குப் போய், அசல் முழுவதும் உங்கள் சம்பளத்திலிருந்து வர வேண்டும். 60 பைசாவுக்குப் பேசுங்கள், மாதம் 15,624. வருடத்துக்கு 7.2 சதவீதம், இந்த 2024-ல் வங்கியில் டெபாசிட் போட்டால் கிடைப்பதை ஒட்டித்தான் வரும். அவருக்கும் நஷ்டமில்லை.

மாதம் 30,000 மிச்சம் பிடிக்க முடியும் என்கிறீர்கள். ஐந்து வருடத் தவணை என்றால் அசல் மட்டுமே மாதம் 43,400. தாங்காது. ஏழு வருடம் என்றால் அசல் 31,000, வட்டி 15,624, முதல் மாதம் 46,600 சொச்சம். போகப் போகக் குறையும். நாலு போர்ஷனும் நிரம்பினால்தான் இதுவும் முடியும். அதனால் முதல் வருடம் வட்டி மட்டும், அசல் இரண்டாம் வருடத்திலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். 72 வயதுக்காரரிடம் எட்டு வருடம் என்று கேட்பது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. அடமானப் பத்திரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

20 ஆகஸ்ட்

9-ஆம் தேதி நான் எழுதிய ஒன்று தவறு. ஒத்தியை விலையில் கழித்துக்கொண்டால் போதும் என்றேன். வட்டியில்லாத பணம்தானே என்ற நினைப்பில் எழுதினேன். இன்று காலை டீக்கடையில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஒத்திக்கு இருக்கும் இரண்டு போர்ஷனிலும் வாடகை வராது. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 9,000, வருடம் 1,08,000. அதை 7.5 லட்சத்துக்குப் பிரித்தால் 14.4 சதவீதம். பெரியவருக்கு 7.2 கொடுத்துக்கொண்டு இங்கே அதைப்போல இரண்டு மடங்கு இழக்கிறீர்கள். இந்த வியாபாரத்தில் உள்ள கடன்களிலேயே விலை கூடிய கடன் இதுதான்.

ஆகவே வங்கி முடிந்த கையோடு, சின்ன ஒத்தியை (3.5 லட்சம், கணக்குப்படி 15 சதவீதத்துக்கு மேல்) முதலில் திருப்பிக் கொடுத்து அந்தப் போர்ஷனை வாடகைக்கு மாற்றுவதுதான் லாபம். நகைக் கடன் ஒன்பது பத்து சதவீதத்துக்குள் கிடைத்தால் அதை வைத்தே செய்யலாம். வீட்டில் கேட்டுவிட்டு, அவர்கள் முழு மனதோடு சொன்னால் மட்டும்.

ஒத்திக்காரர்களிடம் அதற்கு முன் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். என் காம்பவுண்டில் ஒருவர் காட்டிய ஒத்திப் பத்திரம் நினைவிருக்கிறது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது ரூபாய் முத்திரைத்தாள், எல்.ஐ.சி. பாண்டு வந்த பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார், மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது. பதிவாகாத ஒத்தி சட்டப்படி அடமானம் ஆகாது. ஏலம் என்று வந்தால் அந்தக் காகிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அவருக்கு அதுதான் கிராஜுவிட்டிப் பணம் முழுவதும். வாங்குகிறவர் உள்ளே வந்து "இது என் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்கும்போதுதான் அந்தக் குடும்பம் தூங்கும். கிரயப் பத்திரத்தில் இரண்டு ஒத்திக்காரர் பெயரும் தொகையும் வரட்டும்.

23 ஆகஸ்ட்

ஒரே ஒரு கேள்வியைப் பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள், மகன் பக்கத்தில் இல்லாதபோது. வெளியில் கந்துவட்டிக்கு ஏதாவது இருக்கிறதா? வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா? வில்லங்கத்தில் இது வராது. 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் வங்கிக்கே கட்ட முடியாதவர் வேறெங்கும் வாங்காமல் இருப்பது அபூர்வம். இருந்தால் அதையும் எழுதி, அவர் பங்கிலிருந்து நேராகக் கொடுத்து, காகிதத்தைத் திரும்ப வாங்குங்கள்.

சொத்து அவர் சம்பாதித்ததா, அப்பா வழி வந்ததா? அப்பா வழி என்றால் மகள்களுக்கும் பங்கு இருக்கலாம். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் அந்த உரிமை வந்துவிட்டது. எதுவாக இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் சம்மதக் கையெழுத்துப் போடுவது நல்லது.

1 செப்டம்பர்

வங்கிக் கடிதம் வந்துவிட்டது, 20.80 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறார்கள், செப்டம்பர் 6-க்குள் கட்ட வேண்டும். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நல்லது தம்பி. மிஞ்சும் 60,000-ஐக் கூரைக்கு என்று நினைப்பீர்கள். வேண்டாம். அது பெரியவருடைய விலையில்தான் சேர வேண்டும், பாக்கி 26.64 ஆகிறது. பேசிய விலை 56, அதில் தள்ளுபடி அவர் கடனுக்குக் கிடைத்தது.

அந்த 60,000-ஐ அவர் கையில் ரொக்கமாகவும் கொடுக்காதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால், அந்தப் பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் வரும். அவர் கணக்குக்கே அனுப்புங்கள், பாக்கி பழையபடி 26.04 ஆகிவிடும்.

14 செப்டம்பர்

பெரியவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்தது: "அசலை மெதுவாகக் கொடு, மாசா மாசம் ஒண்ணாந்தேதி ஏதாவது வரட்டும், சம்பளம் மாதிரி இருக்கும்." இதை நான் நாலைந்து தடவை படித்தேன். தவணையை மாதமாகவே எழுதுங்கள். அவர் கேட்பது உங்களுக்கும் வசதிதான்.

ஆனால் ஒரு மொத்தத் தொகையும் அவருக்கு வேண்டியிருக்கும். மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி), பணம் எட்டு வருடத்தில் வந்தாலும், கிரயம் பதிவாகும் வருடத்திலேயே விழும். வங்கிக்குப் போன பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று மகன் சொல்கிறாராம், கழிக்க முடியாது, அது அவர் பெற்ற விலைதான். இந்த ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 12.5 சதவீதம், அல்லது வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக்கொண்டு 20 சதவீதம், எது குறைவோ அது. பழைய வீடு, 2001 ஏப்ரல் மதிப்பை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு ஆடிட்டரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். வரித் தொகை எவ்வளவோ அதை அடுத்த ஜூலைக்கு முன் ஒரு தனித் தவணையாக எழுதிவையுங்கள், 56,000 ஏற்கெனவே பிடித்தது அதில் கழியும்.

19 அக்டோபர்

கிரயமும் அடமானமும் ஒரே நாளில் பதிவாகிவிட்டன என்ற செய்தி பார்த்தேன். வாடகைக்காரர்களுக்குப் பெரியவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன தேதியிலிருந்து வாடகை உங்களிடம், அட்வான்ஸுக்கும் நீங்கள் பொறுப்பு என்று. புதிதாக வருகிறவர்களுக்கு ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதியுங்கள், 2019 பிப்ரவரியிலிருந்து அந்தச் சட்டம்தான்.

கூரை: மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்) என்றால் மேலே சிமெண்ட் பூசி மூடாதீர்கள், உத்திரத்தின் சுவர் முனை உளுத்திருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். வடகிழக்கு மழை தொடங்கிவிட்டது, இந்த மழைக்குத் தார்ப்பாய் போட்டுச் சமாளித்துவிட்டு ஜனவரியில் கை வையுங்கள்.

2 நவம்பர்

3.5 லட்சம் ஒத்தியை அடுத்த வாரம் திருப்புவதாகச் சொன்னீர்கள். காசோலை கொடுக்கும்போது அவரிடம் உள்ள ஒத்திப் பத்திரத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பின்பக்கம் தொகை, காசோலை எண், தேதி எழுதி அவர் கையெழுத்தையும் இரண்டு சாட்சிக் கையெழுத்தையும் வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள். அவருக்கு ஒரு நகல் கொடுங்கள். காசோலை அவர் கணக்கில் ஏறிய பிறகு சாவியை வாங்கினால் போதும், அதுவரை அந்தக் குடும்பம் அங்கேயே இருக்கட்டும்.